கொள்ளி வைக்கப் போற உடுப்பு

— வயித்த உள்ள இழு, நிதின். இப்பம் சுருட்டிச் சொருவு. இன்னும் இறுக்கி.

— அவுந்துராதுல்லா, லீலா மிஸ்?

— நனைஞ்ச வேட்டி அவுறாது மக்கா, மேலோட ஒட்டிக்கிடும். அதாக்கும் எனக்குப் பயம். அதனாலதான் எட்டு முழம் எடுத்தேன். கொடத்தத் தோளுல வைக்கது மாதிரி கைய மேல பொக்கு, பாப்பம்.

— இன்னா. நெஞ்சுல கெடக்க துவர்த்துத் துண்டு வெலகுதா?

— வெலகாது. உள்ள இருக்க பெனியனோட சேத்துத் தச்சிருக்கேன், கேட்டியா. மார ஒதுக்கிப் பிடிக்க பெனியன் அது. மேல துவர்த்து குறுக்க கெடந்தா ஒரு பயலுக்கும் தெரியாது.

— நம்ம கோட்டாத்து தையல் காலேஜில இதெல்லாம் பாடத்துல உண்டா மிஸ்?

— ஆணுடைன்னு பாடத்துக்குப் பேரு மட்டும் வச்சிருக்கானுவ. கோட்டு, காலர், தோள்பட்டைன்னு சொல்லித் தந்தேன். அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போற உடுப்ப எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கான்? நட, நட. கால அகட்டி வை. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கும்போ பெரியாளுவ வந்தா ஒடனே அவுத்து விட்டுரணும். ஆம்பளைக்க மரியாத முழுக்க அந்த மடிப்புலயாக்கும் இருக்கு.

— அது அப்பாட்ட பாத்திருக்கேன். என்னச் சேக்க வந்த அன்னைக்கு பிரின்சிபாலக் கண்டதும் அவுத்து விட்டாரு. ஒங்களக் கண்டும் விட்டாரு. பொறவு வாட்ச்மேனக் கண்டும் விட்டாரு.

— எனக்கு ஓர்ம இருக்கு. பாவம், நல்ல மனுசன்.

— நல்ல மனுசந்தான். சிவப்ரியான்னு பேரு போட்டு, மகளா வளத்தாரு. நான் மக இல்லப்பா, மவன், இனி எனக்குப் பேரு நிதின்னு சொன்னப்பம் வீட்ட விட்டு எறங்குன்னுட்டாரு. அதுக்குப் பொறவு இடைக்கிட ஃபோன் அடிப்பாரு. எடுத்தா பேச மாட்டாரு. மூச்சு மட்டும் கேக்கும். நானும் வீம்புக்குப் பேசல்ல மிஸ். நேத்து போயிட்டாரு.

— அழுதுரு மக்கா. ஆம்பள அழப்பிடாதுன்னு நான் எந்த வகுப்புலயும் சொல்லித் தரல்ல.

— அழுதா நேரம் போவும். உச்சைக்கு மின்ன எடுத்துருவாவ. நான் ஒத்தப் பிள்ளை மிஸ். கொள்ளி மட்டும் நான் வைக்கணும். வேற ஒண்ணும் எனக்கு அந்த வீட்டுல வேண்டாம்.

— ஒங்க ஊரு தாழக்குடிக்கு ஆட்டோ சொல்லியாச்சு, இப்பம் வந்துரும். அம்மைட்ட சொன்னியா?

— சொன்னேன். சித்தப்பாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னா. இன்னா, அவருதான் கூப்பிடுதாரு. நீங்களும் கேளுங்க, ஸ்பீக்கர்ல போடுதேன்.

— சிவப்ரியாவா? கணபதியப்பன் சித்தப்பா பேசுதேன்.

— சொல்லுங்க சித்தப்பா.

— வெசமமா நெனச்சுக்கிடாத மக்களே. ஒனக்க அம்ம எல்லாம் சொன்னா. ஆம்பளையா வந்து நின்னு கொள்ளி வைப்பேன்னியாமே?

— ஆமா சித்தப்பா. நான்தான் வைக்கணும்.

— செரி. நான் மாட்டேன்னு சொல்லல்ல. எனக்க அண்ணனுக்க ரத்தம் நீ. ஆனா மொறைன்னு ஒண்ணு கெடக்கு பாத்துக்க. கொள்ளி வைக்கவன் குளத்துல முங்கிட்டு வெறும் மேலோட நிக்கணும். பெனியன் ஆகாது. துவர்த்த இடுப்புலதான் கெட்டணும். ஊரு பூரா சுத்தி நிக்கும். வெசமமா நெனச்சுக்கிடாத, நீ நிப்பியா?

— சித்தப்பா, அப்பாக்காண்டியாவது...

— ஆம்பளைன்னா நெஞ்சக் காட்டிட்டு வந்து நில்லு. முடியாதுன்னா சேலையச் சுத்திட்டு வந்து, பொம்பளையளோட முத்தத்துல நின்னு மொகத்தப் பாத்துட்டுப் போ. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம். ரெண்டுங்கெட்டு வந்தா வாசல்லயே தடுக்கதுக்கு ஆளு நிக்கி. எனக்க மவன் அனிஷ் குளிச்சு ரெடியா இருக்கான், கேட்டியா. வெசமமா நெனச்சுக்கிடாத. வைக்கேன்.

— சவத்துப்பய! தேன் ஒழுவ ஒழுவப் பேசுதான். நானும் வாறேன், வா. போலீசக் கூப்பிடுவோம்.

— போலீசு வந்து சேருததுக்குள்ள அப்பா சாம்பலாயிருவாரு மிஸ்.

— பொறு. தோலு நெறத்துல துணி கெடக்கு, நாடகத்துக்கு வாங்குனது. மேலோட ஒட்டித் தச்சுருவேன், அர மணிக்கூறு குடு.

— குளத்துல முங்கி எந்திரிச்சா அதுவும் காட்டிக் குடுத்துரும். விடுங்க மிஸ்.

— அப்பம் என்ன செய்ய? ஏலே, வேட்டிய ஏன் அவுக்க? நிதின்! அவன் சொன்னதுக்காக அவுக்காத. இவ்வளவு நாளு நான் சொல்லித் தந்ததெல்லாம் என்னத்துக்கு?

— ஆட்டோ ஹாரன் அடிக்கான். அலமாரியில இருந்து ஒரு சேல எடுங்க மிஸ். அப்பா மொகத்தையாவது பாக்கணும். கட்டி விடுங்க, எனக்குக் கட்டத் தெரியாது.