மாலைதீவு வேலைக்கு மலையில் நடந்த இன்டர்வியூ

“இன்டர்வியூல எங்கம்மா தான்டி எனக்கு ஸ்டூடன்ட்!”

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மாலைதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக வேலை கிடைத்திருப்பதை அப்போதுதான் தோழியிடம் சொல்லியிருந்தாள்.

“அம்மாவா? எப்படிடி?”

“தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னல் இல்லைன்னு தேயிலை மலைக்கு ஏறிப் போயி வீடியோ கோல்ல பேசினேன். முன்ன எங்கயாவது படிச்சுக் குடுத்திருக்கீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னு உண்மையச் சொல்லிட்டேன். அப்ப இப்பவே ஒரு பாடம் எடுத்துக் காட்டுங்கன்னுட்டாங்க.”

“அய்யோ! புள்ளைங்களுக்கு எங்க போன?”

“பக்கத்துல அம்மாவும் இன்னும் நாலு பேரும் கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களையே வரிசையா நிக்க வச்சு, கலர் பேரெல்லாம் படிச்சுக் குடுத்தேன். கூடையோட நின்னு ‘கிரீன், கிரீன்’னு கத்துனாங்க பாரு, போன்ல இருந்த மேடத்துக்குச் சிரிப்பு தாங்கல. அப்புறம் வானத்தக் காட்டி என்ன கலர்னு கேட்டேன். அம்மா கையத் தூக்கி, ‘இன்னைக்கு மூட்டமா இருக்கு டீச்சர், புளூ இல்லை’ன்னுட்டாங்க.”

இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு தோழி மெதுவாகக் கேட்டாள்.

“உன்னைய விட்டுட்டு அம்மா இருப்பாங்களாடி?”

“வேலை கெடைச்சிருச்சுன்னதும் அழுதாங்க. அப்புறம், ‘மிச்சப் பாடத்த யாரு எடுப்பா?’ன்னு கேட்டாங்க. ஞாயித்துக்கெழமையில கோல் எடுக்குறேன்னு சொல்லியிருக்கேன். அஞ்சு பேரும் பாடம் எழுத ஆளுக்கொரு கொப்பி வாங்கிட்டாங்கடி.”