நிலை: விசாரணையில்

நானூற்று ஐம்பத்தாறு மணி நேரம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஆணையில் கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்த நேரத்திலிருந்து, அதை நான் இணையத்தில் ஏற்றிய நேரம் வரை. பத்தொன்பது நாள். தாமதம் ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள், சிவசங்கர் சார். "உனக்குத்தாம்மா இதுல பெரிய இழப்பு. சும்மா ஃபைலுக்குத்தான் கேக்கறேன்" என்றும் சொன்னீர்கள். முதலில் நான் தந்த தாளில் சர்வர் பழுது என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை வேறு யாரேனும் படிக்கலாம். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். நன்கொடை தருகிறவர்கள் பார்த்துக்கொள்வதற்காக, மாவட்டத்தின் ஒவ்வொரு அறக்கட்டளைக்கும், அவற்றைக் கண்காணிக்கும் நம் அலுவலகத்தின் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. புகார் பதிவானால் அங்கே 'நிலை: விசாரணையில்' என்று சிவப்பில் தானாக வந்துவிடும். குறை இல்லை என்று முடிவானால் அது தானாகப் போகாது. ஆணையை ஒருவர் கையால் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகுதான் அறக்கட்டளைக்கும் நகல் போகும். டவுன்ஷிப் கிளையில் அந்த ஒருவர் நான். சிவப்பு இருக்கும்வரை அறக்கட்டளை புதிதாக எதையும் யாருக்கும் தரக் கூடாது. பழையது இருந்த இடத்தில் இருக்கலாம். நல்ல விதி. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இசைப்பிரியாவின் அறக்கட்டளை மேல் புகார் தந்தது நான் இல்லை. அவளிடம் டிரைவராக இருந்து நின்றுபோன பரமசிவம் தந்தது. சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்ட கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அவள் ஆக்சிஜன் மெஷின் கொடுத்துவந்தாள். அவற்றை வெளியே விற்கிறாள் என்பது புகார்.

அவளும் நானும் ஒரே வகுப்பில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தோம். நான் முதல் வகுப்பு. அவள் தேறினாள். அவள் அப்பா பர்மனென்ட், பெரிய குவார்ட்டர்ஸ், வாசலில் செம்பருத்தி. என் அப்பா பாவாடை இருபத்தாறு வருடம் கான்ட்ராக்டில் மண் அள்ளியவர். எங்கள் வீட்டு மெஷினும் அவள் கொடுத்ததுதான்.

வாரம் ஒருமுறை வருவாள். வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். "என்ன பாவாடை மாமா, இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டா, நைட்டா?" அப்பா படுத்தபடியே சிரிப்பார். "நமக்கு எப்பவும் ஜெனரல் ஷிப்டுதாம்மா. மூச்சு வாங்கிகினு கெடக்குறதுதான் டூட்டி." அவள் போனதும் அம்மாவிடம் சொல்வார்: "அது வந்து பேசுனா மெஷினே வேணாம் போல கீது. வூடு வூடா இருக்குது."

அவர் விரலில் கருவியை மாட்டி, காலையும் மாலையும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை நோட்டில் எழுதியது நான். குழாயைக் கழுவியது நான். எனக்கு அதிகம் பேச வராது. ஒருநாள் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா திரும்பிப் பார்த்து, "நீ இங்கதான் கீறியா? சத்தமே இல்லியே" என்றார். தவறாக ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின்களைச் சரிபார்க்க நீங்கள் வீடு வீடாக வந்தீர்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தீர்கள். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். அப்பா மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு உங்களிடம் பேசினார். "அந்தப் புள்ளையப் போயி குத்தம் சொல்றாங்களே, சார். அது எம் பொண்ணு மாதிரி. இல்ல சார், பொண்ணுக்கும் மேல." பெற்ற மகள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்தேன். 'என் மகளுக்கும் மேல்.' பிழை திருத்தினேன். பிரின்ட் எடுத்தேன். கோப்பில் பதினான்காம் பக்கம்.

அதற்கு மூன்றாம் நாள் குறை இல்லை என்று ஆணை வந்தது. "சைட்ல ஏத்திடும்மா" என்றீர்கள். நான் மேசை இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். சர்வர் வரவில்லை என்றேன். நீங்கள் நம்பினீர்கள். அமைதியாக இருக்கிறவர்களை எல்லோரும் நம்புகிறார்கள்.

பொதுமக்கள் போன் செய்தார்கள். "அந்தப் பொண்ணு ஏமாத்துதாமே, நெசமா மேடம்?" இணையத்தில் உள்ளதுதான் நிலை என்று சொல்லவேண்டும் என்பது விதி. அதைத்தான் சொன்னேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை. டவுன்ஷிப் வாட்ஸாப் குழுக்களில் அவள் பெயர் சுற்றிவந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. ஒரு சமநிலை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆணை என் கைக்கு வந்த ஆறாம் நாள் எங்கள் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது. உள்ளே வடிகட்டி தேய்ந்தால் காற்றில் ஆக்சிஜன் குறையும் என்று எனக்குத் தெரியும். நோட்டில் தொண்ணூற்றிரண்டு. பிறகு எண்பத்தொன்பது. பிறகு எண்பத்தாறு. எண்பத்தெட்டுக்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியாது. எவ்வளவு என்று கேட்டாள். தொண்ணூறு என்றேன்.

பதினேழாம் நாள் மதியம் அப்பா இறந்தார். பத்தொன்பதாம் நாள் காலை நான் அலுவலகம் வந்து முதல் வேலையாக ஆணையை ஏற்றினேன். "காரியம்கூட முடியல, அதுக்குள்ள வந்துட்டியேம்மா" என்று நீங்கள் கண் கலங்கினீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். நீங்கள் கேட்காதது ஒன்று இருக்கிறது.

பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு இசைப்பிரியா வந்தாள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு புது மெஷின், துப்பட்டாவால் கட்டியிருந்தது. முகம் கறுத்துப்போயிருந்தது.

"தமிழு, மஞ்ச லைட் எரியுதுன்னு அத்தை போன்ல சொன்னாங்கடி. ரூல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். என் மேல கேஸ் வந்தா வரட்டும். இத வெச்சிட்டுப் போயிடறேன்."

"அப்பாவ நேத்தே ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்" என்றேன்.

"ஐயோ. எந்த வார்டு?"

"ஐ.சி.யூ. யாரையும் பாக்க விடமாட்டாங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இருக்கறதாலதான்டி மாமா இவ்ளோ நாள் நல்லா இருந்தாரு" என்றாள். பிறகு மெஷினோடு திரும்பிப் போனாள். தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா உள்ளறையில்தான் இருந்தார். வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, இசையா?" என்றார்.

"யாரும் இல்லப்பா. நாந்தான்" என்றேன்.

அதன் பிறகு அவர் வேறு யாரையும் கேட்கவில்லை.