இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்

இல்ல தம்பி, சாவி தொலையலை. வீட்டுலதான் இருக்கு. நீங்க மோட்டாரை அந்தச் சுவரோரமா இறக்கி வைங்க. மீசை நரைச்ச மனுஷனைத் தம்பிங்கிறாளேன்னு நினைக்காதீங்க, எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. ஆமா, தரைக்கடியில இருக்கிற கீழ் ரூம்ல முழங்கால் அளவுக்குத் தண்ணியாம். எங்கயோ பைப் விட்டிருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் வெளிப்பக்கம் இருக்கிற சின்ன ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, அவர் வீட்டுச் சுவர் ஊறிடும்னு ஒரே சத்தம். அவர்தான் உங்களுக்கும் போன் பண்ணிட்டார். நான் பார்க்கலை. அந்தக் கதவைத் திறந்து ஏழு மாசம் ஆச்சு.

திறக்கிறேன், திறக்கிறேன். அஞ்சு நிமிஷத்துல தண்ணி எங்கயும் ஓடிப்போயிடாது. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காருங்க. மேசை மேல இருக்கிற காகிதக் கட்டை மட்டும் கலைச்சுடாதீங்க. அதுதான் ஏழு மாசமா என் உயிரை வாங்குது.

நான் புரூஃப் பாக்குறவ. புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி தப்பெல்லாம் பார்த்துத் திருத்திக் குடுக்கிறது. முப்பத்தாறு வருஷமா இதே பொழப்பு. இது ஒரு பேராசிரியர் எழுதினது. பேரு, பாதாள உலகம். அச்சகத்துக்காரர் அட்டையில துப்பாக்கி போடலாமான்னு கேட்டார். அந்தப் பாதாளம் இல்லய்யா, இது செத்தவங்க போற பாதாளம்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள எனக்குத் தொண்டை வறண்டுடுச்சு.

உலகத்துல எந்த நாட்டுக் கதையை எடுத்தாலும் பூமிக்கு அடியில ஒரு ஊர் இருக்காம் தம்பி. ஒருத்தன் பொண்டாட்டியைத் தேடிக்கிட்டு இறங்குறான். ஒருத்தி மகளைப் பறிகொடுத்துட்டு அலையுறா. ஒருத்தன் எமன் வீட்டு வாசல்லயே போய் உக்காந்துக்குறான். போற எல்லாருக்கும் ஒரு கட்டளை உண்டு. திரும்பிப் பார்க்காதே, அங்க எதையும் தின்னாதே, வாயைத் திறக்காதே, இப்படி ஏதாவது ஒண்ணு. ஒழுங்கா கேக்குறவன் ஒருத்தன் கிடையாது. இதுவரைக்கும் சரி, கதை நல்லாத்தான் இருக்கு, நானும் சுவாரசியமாத்தான் படிச்சேன். அதுக்கப்புறம் இவர் விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார் பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அந்தப் பாதாளம் மண்ணுக்கடியில இல்லையாம். நம்ம மனசுக்கடியில இருக்காம். நமக்குப் பிடிக்காததை, பார்க்கப் பயந்ததை எல்லாம் கீழ தள்ளிக் கதவைச் சாத்திட்டு மேல காபி குடிச்சுட்டு இருக்கோமாம். கீழ இறங்குறவன் உண்மையில தனக்குள்ளயே இறங்குறானாம். சரி, அப்படியே இருக்கட்டும். அதை ஒரு பேர் வெச்சுச் சொல்லக் கூடாதா மனுஷன்? ஒரு பக்கத்துல ஆழ்மனம், அடுத்த பக்கத்துல நனவிலி மனம், அதுக்கடுத்த பக்கத்துல அடிமனம். ஏன்யா, ஒரே சாமானுக்கு மூணு பேரான்னு ஓரத்துல எழுதி அனுப்பினா, மூணுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டுன்னு நாலு பக்கம் பதில் எழுதி, அதையும் புத்தகத்துல சேர்க்கச் சொல்லிட்டார். எங்க போய் முட்டிக்கிறது சொல்லுங்க.

இருங்க, போன். அவராத்தான் இருக்கும். அடிக்கட்டும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மாத்திரை மாதிரி. இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் என்னாச்சு, இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் என்னாச்சுன்னு. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் புத்தகமே நிக்குது. கையால எழுதித்தான் குடுப்பார், நகல் எடுத்து வெச்சுக்க மாட்டார். மூலத்தை எல்லாம் நாங்க கீழ் ரூம் அலமாரியிலதான் வைப்போம். நின்னுடுச்சா. நல்லது.

நாங்கன்னா நானும் எங்கக்காவும். இந்த வேலைக்கு ரெண்டு பேர் வேணும் தம்பி. ஒருத்தர் மூலத்தைச் சத்தமாப் படிக்கணும், இன்னொருத்தர் அச்சடிச்ச தாளைப் பார்த்துக்கிட்டே வரணும். அக்காதான் படிப்பா. கமா, புள்ளி, கேள்விக்குறி எல்லாத்தையும் வாயால சொல்லுவா. அவன் இறங்கினான் கமா இருட்டு கமா மறுபடி இருட்டு புள்ளி. அப்படித்தான் எங்க வீட்டுல எல்லாக் கதையும் நடக்கும். அத்தான் போனப்புறம் இங்கயே வந்துட்டா. அந்த நாற்காலி அவளோடது. சண்டை வந்தாக்கூட, எனக்கு உன் மேல கோவம் புள்ளின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்குவா.

அவ போட்ட சட்டம் ஒண்ணு உண்டு. பக்கம் முடியாம தலையைத் தூக்கக் கூடாது. வாசல்ல ஆள் வரட்டும், பால் பொங்கட்டும், பக்கத்தை முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். காரணம் இல்லாம இல்ல. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு வைத்தியப் புத்தகம் பார்த்தோம். நடுவுல யாரோ கூப்பிட்டாங்கன்னு நான் எந்திரிச்சுப் போய்ப் பேசிட்டு வந்து உக்காந்தேன். ஒரு வரி விட்டுப்போச்சு. கர்ப்பமா இருக்கிறவங்க இந்த மருந்தைத் தொடவே கூடாதுங்கிற வரி. புத்தகம் கடைக்குப் போறதுக்கு முந்தின நாள் அக்கா கண்ணுல பட்டுது. ஆயிரம் பிரதியையும் கிழிச்சாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, ஆனா அக்கா மூணு நாள் சாப்பிடலை. அன்னிக்குப் போட்ட சட்டம். உன் காது ரொம்பக் கூர்மை குட்டி, அதான் உனக்குக் கெடுதல்னு சொல்லுவா. குட்டின்னுதான் கூப்பிடுவா என்னை. அறுபது வயசுக் குட்டி.

அந்தப் பக்கமா? அதுதான் தம்பி சொல்ல வர்றேன். அன்னிக்குப் படிச்சுக்கிட்டே வந்தப்ப இருநூத்திப் பதினொண்ணுக்கு அப்புறம் நேரா இருநூத்திப் பதிமூணு வருது. மூலத்துல ஒரு தாள் கீழ அலமாரியிலயே தங்கிடுச்சு. நான்தான் கட்டு கொண்டு வந்தவ, சரியா எண்ணாம எடுத்துட்டு வந்திருக்கேன். எனக்கு எரிச்சல். காலையிலேர்ந்தே எங்களுக்குள்ள வாக்குவாதம் வேற, ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு. நீயே போய் எடுத்துட்டு வான்னேன். முட்டி வலியோட போனா. அவ வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு முந்தின அத்தியாயத்தை இன்னொரு தடவை பார்க்க ஆரம்பிச்சேன்.

வழுக்கிட்டா. கடைசிப் படியில. தலையில அடி. நான் போய்ப் பார்த்தப்போ படியில சாஞ்சு உக்காந்திருந்தா, கையில தாள் இருந்துச்சு. நினைவு இல்ல. ஆஸ்பத்திரியில மறுநாள் போயிட்டா. எப்போ விழுந்தாங்க, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு டாக்டர் கேட்டார். தெரியலை, ஃபேன் ஓடிட்டிருந்துச்சு, சத்தத்துல ஒண்ணும் கேக்கலைன்னேன். அக்கா பையன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். சித்தி, உங்களுக்குக் கேட்டிருந்தா ஓடிப்போயிருக்க மாட்டீங்களா, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கன்னான். பூட்டை வாங்கிட்டு வந்து கீழ் ரூமைப் பூட்டினேன்.

அவ தாள் எடுக்கப் போனப்ப நான் பார்த்துக்கிட்டிருந்த அத்தியாயத்துல ஒரு கதை தம்பி. களிமண்ணுல எழுதி வெச்ச காலத்துக் கதையாம். அக்கா தங்கச்சி ரெண்டு பேர். தங்கச்சி மேல உலகத்துக்கு ராணி, அக்கா கீழ உலகத்துக்கு. அக்கா அங்க தனியாக் கிடந்து, ஐயோ என் முதுகு, ஐயோ என் வயிறுன்னு முனகிட்டே இருக்கா. யாரும் எட்டிப் பார்க்கலை. கடைசியில ஈ அளவுக்கு ரெண்டு பூச்சி மாதிரி ஆளுங்க கதவு இடுக்கு வழியா உள்ள போறாங்க. மருந்து கிருந்து ஒண்ணும் இல்ல அவங்க கிட்ட. அவ ஐயோங்கிறப்போ இவங்களும் ஐயோங்கிறாங்க. அவ்வளவுதான். அதுக்கே அவ குளிர்ந்துபோய், உங்களுக்கு என்ன வேணும் கேளுங்கங்கிறா.

இதுக்குப் பேராசிரியர் எழுதுறார், கீழ இருக்கிற அக்கா வேற யாரும் இல்லையாம், மேல இருக்கிறவளோட மனசுல அவளே பார்க்காத பாதியாம். எனக்கு வர்ற கோவத்துக்கு அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். அக்கான்னா அக்காதான்யா. அவளுக்கு வலிச்சா அவ முதுகுதான் வலிக்குது. அவளைக் கொண்டுபோய் எதுக்கு இன்னொருத்தியோட மனசாக்கணும்? இதை ஓரத்துல எழுத முடியுமா நான்? புள்ளி கமா பார்க்கத்தான எனக்குக் கூலி.

என்ன தம்பி மேல பார்க்கிறீங்க?

ஆமா. ஃபேன் இல்ல. கொக்கி கூடக் கிடையாது. நாங்க இந்த ரூம்ல ஃபேன் மாட்டினதே இல்ல, தாளெல்லாம் பறந்துடும். புரூஃப் பாக்குற வீட்டுல எவன் ஃபேன் போடுவான். அக்கா பையன் சின்ன வயசுலேர்ந்து இந்த வீட்டுக்கு வர்றவன், அவன் கூட மேல பார்க்கலை. நீங்க வந்து அரை மணி ஆகலை, பார்த்துட்டீங்க.

ரெண்டு தடவை கூப்பிட்டா. குட்டின்னு ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. அலறினா ஓடியிருப்பேன் தம்பி, சத்தியமா ஓடியிருப்பேன். அலறலை. டார்ச் எடுத்துட்டு வான்னு சொல்ற மாதிரிதான் இருந்துச்சு. எனக்குக் காலையில வந்த கோவம் தீரலை. இருக்கட்டும், பக்கத்தை முடிச்சுட்டுப் போவோம், அவ போட்ட சட்டம்தானேன்னு நினைச்சேன். பக்கம் முடிஞ்சப்போ வாக்கியம் முடியலை, அடுத்த பக்கத்துக்குப் போயிடுச்சு. பாதி வாக்கியத்துல விட்டுப் பழக்கம் இல்ல. அப்புறம் அந்தப் பக்கம். அப்புறம் அதுக்கடுத்தது. அவதான் மறுபடி கூப்பிடலையேன்னு நானும் படிச்சுட்டே இருந்தேன். அரை மணி. அந்த ஐயோ என் முதுகு வரியில ஒரு கமா குறைஞ்சுது, சிவப்பு மையில போட்டேன். இப்பவும் இருக்கு, அந்தக் கட்டுல பாருங்க. அந்த அத்தியாயத்துல ஒரு தப்பு விடலை நான்.

எந்திரிச்சுட்டீங்களா. ஆமா, நேரமாச்சு, அடுத்த வீட்டு வேலை இருக்கும் உங்களுக்கு. இந்தாங்க சாவி. கண்ணாடிக் கூட்டுலயேதான் வெச்சிருந்தேன். பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும், தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்க. பதிமூணு படி. கடைசிப் படி சரியில்ல, சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க. அவளைத் தூக்குறப்போ கையிலேர்ந்து விழுந்த தாள் அங்கதான் இருந்துச்சு, நான் எடுக்கலை. கூழாயிருக்கும். ஆனா ஆயிட்டுப் போகுது, அந்தப் பேராசிரியர் திரும்ப எழுதிக்கட்டும்.

நானா, நான் இங்கயே இந்த நாற்காலியில இருக்கேன். ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. கீழ போனதும் என்னை ஒரு தடவை கூப்பிடுங்க. எதுக்கும் இல்ல, சும்மா. குட்டின்னு வேணாம், அது அவளோடது. அம்மான்னு கூப்பிடுங்க, உடனே வந்துடுறேன். கத்த வேணாம் தம்பி. சாதாரணமாக் கூப்பிட்டாலே இங்க நல்லாக் கேக்கும்.