நின்றதே இல்லை

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. கதவைக்கூட மெல்லச் சாத்துகிறவன் நான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றது தானாகப் புரியும்.

மருத்துவமனையில் படுக்கையோரம் நாடித்துடிப்பைக் காட்டும் பெட்டி இருக்கிறதே, அதற்குள் ஓடும் ஜாவா நிரலை எழுதியது எங்கள் குழு. அதில் கிராஷ் ரிப்போர்ட்டர் என்று ஒரு கருவி உண்டு. நிரல் செயலிழந்து விழுந்தால் மணியடித்து ஆளைக் கூப்பிடும், நிரலை மறுபடி எழுப்பும், யார் எழுதிய பகுதியில் பிழை என்று தண்டோராவும் போடும். பிழை தேட நான் வைத்திருந்த டீபக்கருக்கோ வேறு குணம். பிழை வந்த இடத்திலேயே நிரலை அப்படியே நிறுத்திவைத்து, நான் வந்து பார்க்கும்வரை காத்திருக்கும். ஒரே உறைக்குள் இரண்டு கத்தி. நான் நிரலை நிறுத்தும்போதெல்லாம், செத்தே போய்விட்டது என்று ரிப்போர்ட்டர் ஒப்பாரி வைக்கும். ஒவ்வோர் ஒப்பாரியிலும் என் பெயர். மேலாளர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எத்தனை சாவு?" என்பார். நகைச்சுவை உணர்வு மிக்கவர்.

ஆகவே ஒரு வரி சேர்த்தேன்: டீபக்கர் விழித்திருந்தால், ரிப்போர்ட்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அலுவலகம் அமைதியானது. நிரலை மருத்துவமனைகளுக்கு அனுப்பும்போது டீபக்கரை அணைக்க மறந்துபோனேன். மனிதன்தானே. அடுத்த மாதம், ஒரு பிழை அறிக்கைகூட வரவில்லை என்று மேலாளர் எனக்குக் கேடயம் கொடுத்தார். கையில் வாங்கும்போதுதான் டீபக்கரை அணைக்காதது ஞாபகம் வந்தது. கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது மரியாதையா, சொல்லுங்கள்?

சோதனைப் பிரிவுப் பெண் மட்டும் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அண்ணா, நிரல் உறைஞ்சு போனா பழைய எண்ணே திரையில நிக்குது. மணியும் அடிக்கல. நோயாளிக்கு ஏதாவது ஆனா யாருக்குத் தெரியும்?"

"எண்ணு நல்லாத்தானே இருக்கு? விடும்மா."

அவளை வேறு குழுவுக்கு மாற்றச் சொன்னேன். எல்லாம் அவள் முன்னேற்றத்துக்காகத்தான்.

மாமனார் மாரடைப்பு வந்து படுத்தபோது தலைமாட்டில் எங்கள் பெட்டிதான். பக்கத்துப் படுக்கைக்காரரிடம், "எங்க மாப்பிள்ளை செஞ்சது. இதுவரைக்கும் நின்னதே இல்லை, தெரியுமா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று மாலை அவர் தூங்கிக்கொண்டிருந்தார். திரையில் அலை நகரவில்லை. எண் எழுபத்திரண்டில் நின்றிருந்தது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, அப்பாவுக்கு ஏன் இப்படி வேர்க்குது? நர்ஸைக் கூப்பிடவா?"

நர்ஸ் வந்தால் பெட்டியைப் பார்ப்பாள். பெட்டியைப் பார்த்தால் கழற்றுவார்கள். கழற்றினால் உள்ளே என் வரி இருக்கும்.

"எழுபத்திரண்டு. என்னைவிட நல்லா இருக்கார். தூங்கட்டும், எழுப்பாத."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நம்பினாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கை சில்லிட்ட பிறகும் திரையில் எழுபத்திரண்டுதான்.

ஆம் ஐயா, எல்லாம் தெரிந்துதான் செய்தேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: மாப்பிள்ளைமீது அவர் வைத்த நம்பிக்கை கடைசி மூச்சுவரை குலையவில்லை. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான்தான்.