தலை குனியும் முத்திரை

முரோதா: ...இதுக்குப் பேரு சுலபமாக்குறதாம். தூக்கிப் பாரு, இசோபே. பழைய விதிப்புத்தகத்தைவிட கனமா இருக்கு.

இசோபே: புது விதி ஒரே பக்கம்தான், முரோதா சான். மீதியெல்லாம் அந்த ஒரு பக்கத்துக்கு விளக்கம்.

முரோதா: டோக்கியோல அரசாங்க நிதித் துறையில உக்காந்து எழுதினவன்ல ஒருத்தனாவது சின்ன வங்கியைக் கண்ணால பார்த்திருப்பானா? காஞ்ச கணவாய் விக்கிறவனுக்குக் கடன் குடுக்குற வங்கி நாம. உலகச் சந்தை ஆட்டம் கண்டா நமக்கு என்ன ஆபத்துன்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா எழுத வெச்சானுங்க. எழுதினோம். இப்ப வந்து, ஐயோ பாவம், நீங்க எழுத வேண்டாம்ங்கிறானுங்க.

இசோபே: நீங்க எங்க எழுதினீங்க? நான் எழுதினேன்.

முரோதா: கையெழுத்துக்குப் பதிலா நான் என் பேர் முத்திரை குத்தினேன்ல.

இசோபே: அதுவும் சாய்ச்சு.

முரோதா: சாய்ச்சுத்தான் குத்தணும். நம்ம முத்திரை பக்கத்துல இருக்குற தலைவர் முத்திரையைப் பார்த்துக் குனிஞ்சு வணங்குற மாதிரி இருக்கணும். நீ இன்னும் கம்பம் நட்ட மாதிரி நேரா குத்துற. அதான் பதவி உயர்வே வரல.

இசோபே: உயர்வை விடுங்க. தலைவர் இந்த எளிய விதிக்கு மாறிட்டா, ஆபத்துக் கணக்கு எழுதுற நம்ம பிரிவே எதுக்கு? நாம ரெண்டு பேரும் எதுக்கு?

முரோதா: எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் குடுப்பாங்க. நாற்பத்தெட்டு வயசுல, பனியில, கடை கடையா ஏறி இறங்கி சேமிப்புப் பணம் வசூல். உனக்குத் தீவுக் கிளை.

இசோபே: குளிர்காலத்துல பாதி நாள் படகே ஓடாது...

முரோதா: பயப்படாத. எளிய விதிக்கு மாறணும்னா மூணாவது நிபந்தனை என்னன்னு படிச்சியா?

இசோபே: "சிக்கலான வெளிநாட்டுக் கடன் பத்திரம் எதுவும் கையிருப்பில் இருக்கக் கூடாது."

முரோதா: நம்மகிட்ட ஒண்ணு இருக்கே. அடடா.

இசோபே: அடடாதான்... மெதுவா பேசுங்க. தலைவர் வர்றார்.

தலைவர்: முரோதா, சுத்துப்பட்டு வங்கிக்கெல்லாம் எளிய விதி வந்தாச்சு. நமக்கு மட்டும் ஏன் இல்ல? பக்கத்து ஊர் வங்கித் தலைவன் மீன் சந்தையில வெச்சுக் கேட்டுச் சிரிக்கிறான்.

முரோதா: நம்மகிட்ட ஒரு வெளிநாட்டுப் பத்திரம் இருக்கு, தலைவரே. அமெரிக்க வட்டி ஏறினா ஒரு கணக்கு, ஆஸ்திரேலிய டாலர் இறங்கினா இன்னொரு கணக்கு.

தலைவர்: கணவாய்க்கும் ஆஸ்திரேலிய டாலருக்கும் என்னய்யா சம்பந்தம்? யார் வாங்கினது?

முரோதா: முதலீட்டுப் பிரிவு ஹதானோ சான். போன வசந்தத்துல ஓய்வு பெற்றுப் போயிட்டார்.

தலைவர்: ஒருத்தரும் தடுக்கலையா?

முரோதா: தாள்ல உங்க முத்திரையும் இருக்கு.

தலைவர்: ...ஒரு நாளைக்கு எத்தனை தாள் வருது. எல்லாத்தையும் படிக்க முடியுமா?

முரோதா: நீங்க எதுக்குப் படிக்கணும்? அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.

தலைவர்: சரி, வித்துத் தொலை.

முரோதா: இப்ப வித்தா பாதிதான் தேறும். முதிர்ற வரைக்கும் வெச்சிருந்தா முழுசா வரும். பன்னெண்டு வருஷம்...

இசோபே: பதினஞ்சு.

முரோதா: பன்னெண்டு.

இசோபே: பதினஞ்சு வருஷம், தலைவரே.

தலைவர்: உங்க ரெண்டு பேருக்குள்ளயே ஒத்து வரல. ஆக, பதினஞ்சு வருஷத்துக்கு இந்தப் பழைய விதி, இந்தப் பிரிவு, நீங்க ரெண்டு பேர். அப்படித்தானே?

முரோதா: வேற வழி தெரியல, தலைவரே.

தலைவர்: எங்கப்பா ஒரு மணிச்சட்டத்தையும் மூக்கையும் வெச்சு வங்கி நடத்தினாரு. கடன் கேக்குறவன் மேல மீன் நாத்தம் அடிச்சா போதும், குடுத்துடுவாரு. என்னமோ பண்ணித் தொலைங்க. நான் வர்றேன்.

இசோபே: ...போயிட்டார்.

முரோதா: பார்த்தியா? தன் முத்திரை எது மேல விழுதுன்னே தெரியாத ஆளு. இவரு வங்கிக்குத் தலைவரு.

இசோபே: அந்தப் பத்திரத்தை ஹதானோ சானுக்குக் காட்டினது யாரு?

முரோதா: எனக்கென்ன தெரியும்?

இசோபே: புது விதியோட வரைவு வந்த வாரம் அவரை சாக்கே குடிக்கக் கூட்டிட்டுப் போனீங்க. அதுவும் உங்க சொந்தக் காசுல. அன்னிக்கே எனக்குச் சந்தேகம்.

முரோதா: ...சரி, நான்தான். ஓய்வு பெற எனக்குப் பன்னெண்டு வருஷம் இருக்கு. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. போதுமா? ஆனா நீ எதுக்கு நடுவுல பதினஞ்சுன்னு குழப்பின?

இசோபே: உங்க பத்திரம் இப்ப இல்ல. வித்தவங்களே போன மாசம் முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்து முடிச்சுட்டாங்க. எப்ப வேணா அப்படிச் செய்யலாம்னு அதுலயே எழுதியிருக்கு.

முரோதா: என்னது... அப்ப நம்மகிட்ட இருக்கறது?

இசோபே: வேற ஒண்ணு. முதலீட்டுப் பிரிவுல நான் சொல்லி வாங்க வெச்சது. ஓய்வு பெற எனக்குப் பதினஞ்சு வருஷம் இருக்கே.

முரோதா: நில்லு... என் முத்திரை இல்லாம எப்படி வாங்க முடியும்?

இசோபே: முடியாதுதான். உங்க முத்திரையும் இருக்கு, முரோதா சான். தலைவர் முத்திரைக்குப் பக்கத்துல, அழகா தலை குனிஞ்சு.