கண்ணாடி வைத்த கேமரா

ஒரு கேமரா வாங்க இரண்டு வருடம் யோசித்தவன் நான். சிரிக்காதீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள். இருபத்து நான்கு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்துக் குரூப் படம், கல்யாணம், எது வந்தாலும் எடுப்பேன். கையில் இருந்த கேமராவுக்கு வயதாகிவிட்டது. அதன் ரப்பர் பிடி உரிந்து, பசை போட்டு ஒட்டி, ஒட்டியதும் உரிந்துவிட்டது. புதிதாக ஃபுல் ஃப்ரேம் வாங்குவதா, மிரர்லெஸ் வாங்குவதா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

இதை விளக்கித்தான் ஆக வேண்டும், உங்கள் வழக்குக்கும் இதுதான் ஆதாரம். ஃபுல் ஃப்ரேம் என்றால் உள்ளே படம் பதிகிற சென்சார் பெரியது. மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி கிடையாது. இரண்டும் சேர்ந்த கேமராவும் உண்டு, விலையைக் கேட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். என்னைப் போன்றவனுக்கு எட்டுவது இரண்டுதான். ஒன்று, கண்ணாடி வைத்த, கனமான, பழைய ஃபுல் ஃப்ரேம். இன்னொன்று, சென்சார் சின்னதான மிரர்லெஸ். கண்ணாடி வைத்ததில், லென்ஸுக்குள் வருகிற வெளிச்சமே கண்ணாடியில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்கு வரும். மிரர்லெஸ்ஸில் நீங்கள் கண்ணை வைத்துப் பார்ப்பது ஒரு குட்டி டிவி. உங்கள் மேஜை மேல் இருக்கிறதே, அது கண்ணாடி வைத்தது. பக்கத்தில் இருப்பது அதன் குறிப்புப் புத்தகம். அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்களாகக் காட்டும்போது பார்த்துக்கொள்கிறேன்.

என் தம்பியைப் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். எல்லோரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். மருந்துக் கம்பெனிக்குப் பை தூக்கிக்கொண்டிருந்தவன், முப்பத்து நாலாவது வயதில் வேலையை விட்டுவிட்டு ஒரு மிரர்லெஸ்ஸோடு என் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றான். அவன் தொட்ட முதல் கேமராவே அதுதான். கண்ணாடி வைத்த கேமராவைக் கையில் பிடித்ததே கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் நல்லவன். இதைக் கட்டாயம் எழுதுங்கள். இந்த ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வந்த ஆறாவது மாதத்தில் வாடிக்கையாளர்கள் போனில், "சின்னவர் வருவாரில்ல?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வருவான் என்பேன். இரண்டாவது வருடத்தில், "அப்ப நீங்க சிரமப்பட வேண்டாம் சார்" என்றார்கள். ஸ்டுடியோ வாசலில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. பத்து வருடமாக அதில் நான் எடுத்த ஒரு மணப்பெண் படம் இருந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் அந்த இடத்தில் கிழவர் ஒருவர் கொட்டாவி விடுகிற படம். சின்னவன் எடுத்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சிலர் பதிலுக்குக் கொட்டாவி விட்டார்கள். யார் மாற்றியது என்று கேட்டேன். என் மனைவி, "நான்தாங்க. அது வெளுத்துப் போச்சு" என்றாள்.

வெளுத்துத்தான் போயிருந்தது. நான் நியாயத்தை மறுப்பவன் இல்லை.

பொறாமை என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். பொறாமைக்காரன் கல் வீசுவான், மொட்டைக் கடிதம் போடுவான். நான் அவனுக்குக் கேமரா நிறுத்துகிற புது டிரைபாட் வாங்கிக்கொடுத்தேன். அவன் படங்களைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ பிசையும், அது உண்மை. அல்சராக இருக்கும் என்று நினைத்து மாத்திரைகூடப் போட்டேன்.

பிறகு என் மகளின் கல்யாணம் வந்தது. ஒரே பெண். அவள் பிறந்த அன்றிலிருந்து நான் எடுத்த படங்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. கல்யாணத்துக்கு எந்த லென்ஸ், எந்த விளக்கு என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, தப்பா நினைக்காதீங்க. படம் சித்தப்பா எடுக்கட்டும்."

"ஏம்மா?"

"நீங்க அன்னிக்கு எங்கூட மேடையில இருக்கணும்ல."

"அது ஒரு காரணம். இன்னொண்ணு என்ன?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்த விஷயத்தில் என் ஜாடை இல்லை. "நீங்க எடுத்தா எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கோம்ப்பா. சித்தப்பா எடுத்தா நான் நானா இருக்கேன்" என்றாள்.

சரிம்மா என்றேன். அன்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

கல்யாணத்தன்று கை சும்மா இருந்தது. இருபத்து நான்கு வருடத்தில் ஒரு கல்யாண மேடையில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான். ஆல்பம் வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் நான் மூன்று படத்தில் இருக்கிறேன். மூன்றிலும் மகளைப் பார்க்கவில்லை, படம் எடுப்பவனைப் பார்க்கிறேன். அந்தப் படங்களை அவன் எடுத்திருக்க வேண்டாம். எடுத்தாலும் ஆல்பத்தில் வைத்திருக்க வேண்டாம்.

அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் கிரகண வேலை வந்தது. ஊருக்கு வெளியே உயரமாக ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கட்டடத்து உச்சிக்கு மேலே சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதை வரிசையாக எடுத்து, ஆள் உயரத்துக்குப் பிரின்ட் போட்டு வரவேற்பு அறையில் மாட்ட வேண்டும் என்றார்கள். என்னிடம்தான் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு, "சின்னவர் எடுக்கட்டும்" என்றார்கள்.

அவனுக்கு ஒரு கவலை. அவன் கேமராவில் சென்சார் சின்னது, அந்த உயரத்துக்கு நிற்குமா என்று. இரண்டு வருடமாக என் தலையைத் தின்ற அதே கேள்வியை எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தான்.

"அண்ணா, புதுசு வாங்கலாம்னு இருக்கேன். மிரர்லெஸ்லயே கொஞ்சம் நல்லதா பாக்கட்டுமா, இல்ல அந்தப் பழைய ஃபுல் ஃப்ரேமா? நீங்க எதைச் சொல்றீங்களோ அதையே வாங்கிடறேன்."

எனக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்று கண் இமைக்கிற நேரத்தில் முடிவெடுத்தேன்.

"கண்ணாடி வெச்ச ஃபுல் ஃப்ரேம்தான் சரி. பெரிய பிரின்ட்டுக்கு அதான் நிக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பிடிச்சுப் பாரு. நான் ஒண்ணு இரவல் வாங்கித் தரேன்."

பெரிய பிரின்ட்டுக்கு அதுதான் நிற்கும். அதில் பொய் இல்லை. இரவல் என்றதுதான் பொய். பத்திரிகையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் மறுநாளே அதை விலைக்கு வாங்கினேன். தொட்டாலே தெரிந்தது, நன்றாக வைத்திருந்திருக்கிறார். குறிப்புப் புத்தகம்கூடக் கசங்கவில்லை.

ஆமாம், அதில் ஒரு தாள் இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். சிவப்பு முக்கோணம் போட்டு, இதன் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள் என்று எழுதியிருந்த தாள். கிழித்தேன். எறிய மனசு வரவில்லை, நான் எதையும் வீணாக்குகிறவன் இல்லை. மடித்து என் சட்டைப்பையில் வைத்தேன். துணி துவைக்கப் போட்ட அன்று மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் மேல் வருத்தம் இல்லை.

சின்னவனிடம் கறுப்பு ஃபில்டர் ஒன்று உண்டு. ஓடுகிற தண்ணீரைப் பால் மாதிரி காட்டுவதற்காக வாங்கியது. அதை லென்ஸ் முன்னால் மாட்டிக்கொண்டு எத்தனையோ தடவை சூரியனை எடுத்திருக்கிறான். அவன் பார்ப்பது குட்டி டிவிதானே, ஒன்றும் ஆகாது. கிரகணத்துக்கு என்று வெள்ளித் தாள் மாதிரி தனி ஃபில்டர் விற்கிறார்கள், அது வேறு. இந்தக் கறுப்பு ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைக்கும், சூட்டைக் குறைக்காது. கண்ணாடி வைத்த கேமராவில் இதை மாட்டிப் பார்த்தால் சூரியன் நிலா மாதிரி சாதுவாகத் தெரியும். கண் கூசாது. கூசினால் கண்ணை எடுத்துவிடுவான், கூசாததால் பார்த்துக்கொண்டே இருப்பான். கண்ணுக்குள் அந்த இடத்தில் வலியும் தெரியாதாம், டாக்டர் பிற்பாடு சொன்னார். அது மட்டும் எனக்கு முன்கூட்டித் தெரியாது. தெரிந்தபோது ஆறுதலாக இருந்தது.

நான் கவனமானவன். இரண்டு நாள் முன்பே மொட்டை மாடியில் அவனுடைய பெரிய லென்ஸையும் கறுப்பு ஃபில்டரையும் மாட்டி, சூரியனுக்குத் திருப்பி, கண் வைக்கிற இடத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இதமாகச் சுட்டது.

கிரகணத்தன்று அந்தக் கட்டடத்துக்கு எதிரே ஒரு மாடியில் அவனும் நானும்தான். மத்தியானம் ஒன்றரைக்குக் கிரகணம் பிடித்தது. ஒரு தடவை அவன் நின்று கேட்டான்.

"அண்ணா, இதுலயும் அதே மாதிரி பாக்கலாமில்ல? ஒண்ணும் ஆகாதே?"

"உன் கேமராவுல எப்படிப் பாப்பியோ அப்படித்தான். உன் ஃபில்டரைப் போட்டுக்கோ."

"பின்னாடி ஸ்கிரீன்ல பாத்துக்கட்டுமா?"

"இது பழசுடா. ஸ்கிரீனைப் போட்டா பேட்டரி நிக்காது. கண்ணை வெச்சே பாரு."

இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை வைத்தான். அவன் பழக்கம் அது. இரண்டு மணி நேரம். கழுத்து சுடக்கூடாது என்று ஈரத்துண்டு நனைத்துப் போட்டேன். நடுநடுவே தண்ணீர் கொடுத்தேன். அலுத்துப்போய் அவன் தலையை எடுத்தபோதெல்லாம், "விட்டுடாதே, இந்த நேரம் திரும்ப வராது" என்று சொன்னேன். கிரகணம் பார்ப்பதற்கென்று விற்கிற காகிதக் கண்ணாடி எனக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நான் அதைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

சாயங்காலம், "அண்ணா, கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருக்கு" என்றான். மறுநாள் காலையில் கேமராவில் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "மூஞ்சிய காணோமே அண்ணா" என்று சிரித்தான். விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். வலது கண்ணில் நட்டநடுவே ஒரு கறுப்புப் பொட்டு. சுற்றிலும் எல்லாம் தெரியும். சுவர் தெரியும், ஜன்னல் தெரியும், யாரைப் பார்க்கிறானோ அவர் முகம் மட்டும் தெரியாது. இனி தெரியவும் தெரியாது என்றார் டாக்டர். முகம் எடுக்கிறவனுக்கு இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். நானும் அதையேதான் சொன்னேன்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவனோடு இருந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். போர்வையை இழுத்துவிட்டேன். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன். வீட்டில் இருந்து அவன் பழைய மிரர்லெஸ்ஸைக் கொண்டுவரச் சொன்னான். மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். பாவம், ஆசைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே, செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் காரணம் பொறாமை இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு போட்டோக்காரன் போதும். அவன் வேண்டுமானால் ஸ்டுடியோவில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் சோறு போடுகிறேன். அண்ணன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

கவரைப் பிரிக்கிறீர்கள். படமா?

நான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், கையில் ஆரஞ்சு. எப்போது எடுத்தான்? சத்தமே கேட்கவில்லை. அந்தக் கேமராவில் சத்தம் வராது.

நான் சிரித்துக்கொண்டிருக்கிறேனே மேடம். அழுததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பல் தெரியாத சிரிப்பு. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைக்கிறவன் முகம் மாதிரி இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் என் மகளுக்குப் புரிந்திருக்கும். தாளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நல்ல படம். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன், ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது. என் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதை மிஷின் செய்யும் என்பீர்கள். எந்த நொடியில் அமுக்க வேண்டும் என்பதை மிஷின் செய்யாது. இருபத்து நான்கு வருடத்தில் நான் இப்படி ஒரு முகம் எடுத்ததில்லை.

அந்த மாத்திரை போட வேண்டும், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

எல்லாவற்றையும் யோசித்தேன் மேடம். கேமராவை, ஃபில்டரை, தாளை, அவன் கழுத்துச் சூட்டைக்கூட யோசித்தேன். இடது கண்ணை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.