ஒரு தப்புக்கு ஒரு பூட்டு

...நீங்களே சொல்லுங்க சார், 'உறுதி'ங்கிற வார்த்தைய உறுதியா எழுதத் தெரியாதவன், எனக்கு உறுதியான பலகை குடுப்பானா? வெப்சைட்ல போட்டிருக்கான் சார், கொட்டை எழுத்துல, 'உருதியான பலகைகள்'னு! அதுக்குக் கீழ ஒரு பொண்ணு பலகையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. எதுக்குச் சிரிக்குதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

ஐயையோ, அந்த நாற்காலில உக்காராதீங்க, கோந்து இன்னும் காயல. போன வாரம் ஒருத்தர் உக்காந்துட்டு நாற்காலியோட எந்திரிச்சாரு. இதுல உக்காருங்க. ஆங்.

சத்தம் ரொம்ப இருக்கோ? பின்னாடி என் வீட்டுக்காரர் மரம் அறுக்குறார். அது மெஷின் இல்ல சார், மூதேவி. சுத்துற பிளேடுக்கு மேல ஒரு மூடி கெடையாது. போன மாசம் அவரு கட்டைவிரல் நகத்த எடுத்துருச்சு. நகத்தோட விட்டுதே! கட்டுப் போட்டுக்கிட்டு அந்தக் கையாலயேதான் இன்னிக்கும் வேலை செய்யறார். அதான் உங்ககிட்ட ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன். உங்க லாட்ஜுக்கு அத்தனை ரூம் கதவும் நாங்க செஞ்சு குடுத்தா, மூடி போட்ட மெஷின் ஒண்ணு வாங்கிருவேன். நான் சொன்ன வெலைக்குள்ளதான் அந்த மெஷின் ஒக்காந்திருக்கு. அதனால கதவு வெலையில ஒரு பைசா கொறைக்க முடியாது. பூட்டுக்குக் காசு தனி. அதையும் காலைலயே சொல்லிட்டேன்.

பேச மாட்டேங்கிறீங்க... எனக்குத் தெரியாதா சார் இந்த வித்தை? பேரத்துல மொதல்ல வாயத் தொறந்தவங்க தோத்தாங்க. நானும் அப்படித்தான். தொறக்கவே மாட்டேன். பல்லக் கடிச்சுக்கிட்டு, ஊமைச்சி மாதிரி... சரி, இந்தப் பலகைக்காரன் கதைய மட்டும் முடிச்சிடறேன், அப்புறம் நான் பேசவே மாட்டேன்.

பலகைக்காரனுக்குப் போன் போட்டேன். 'ஏம்ப்பா, எழுத்துலயே ஆட்டம் காணுதே, பலகை என்ன ஆட்டம் ஆடும்?'னேன். 'அம்மா, அது டைப் பண்ண ஆளு...'ன்னு இழுத்தான். 'டைப் பண்ண ஆளை நீ பாத்துக்கல. அப்ப பலகை அடுக்குற ஆளை மட்டும் பாத்துக்குவியா?'ன்னேன். பாவம், லாரி வாடகைய அவனே ஏத்துக்கிட்டான்.

இது நானாக் கண்டுபுடிச்ச வழி சார். யார்கிட்ட சரக்கு வாங்கறதுன்னாலும் மொதல்ல அவங்க வெப்சைட்டப் படிப்பேன். தப்புத் தப்பாத் தேடிப் புடிப்பேன். அப்புறந்தான் வெலையே கேப்பேன்.

நான் ஒண்ணும் படிச்சுக் கிழிச்சவ இல்ல. அஞ்சாங்கிளாஸோட நின்னவ. பழைய ஜன்னலத் தள்ளுவண்டில வெச்சுக்கிட்டுத் தெருத் தெருவா வித்தவ. ஒரு தடவ சரக்கு எறக்குனவன் ரசீத நீட்டுனான், படிக்காமக் கையெழுத்துப் போட்டேன். 'சரிபார்த்து வாங்கிக்கொண்டேன்'னு இருந்திருக்கு. பிரிச்சுப் பாத்தா ஒரு லோடு கதவும் கரையான் தின்னது! கத்துனேன், கெட்ட வார்த்தைல திட்டுனேன், அவன் சட்டையப் புடிச்சேன். அவன் அந்த ஒரு வரியத்தான் விரல வெச்சுக் காட்டுனான். அன்னிலேர்ந்து அச்சுல எது வந்தாலும் விட மாட்டேன். பஸ் டிக்கெட்டக் கூட எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

இல்ல சார், நீங்க யோசிச்சுப் பாருங்க. கடைக்கு வந்தீங்க, மரத்தத் தட்டிப் பாத்தீங்க, மோந்து பாத்தீங்க, என் மூஞ்சியப் பாத்தீங்க. வெப்சைட்ல எதத் தட்டுவீங்க? அங்க எழுத்துதான் மரம். எழுத்துதான் மூஞ்சி. நாலு வரிய ஒரு தடவ திரும்பிப் படிக்க சோம்பல் படறவன், சரக்க மட்டும் திருப்பிப் பாத்தா அனுப்பப் போறான்? எங்க வேலைல 'நூல்'னு ஒரு அளவு சொல்லுவாங்க, தீக்குச்சி கனம் இருக்கும், அவ்வளவுதான். கதவு அந்த ஒரு நூல் பிசகுச்சுன்னா மழைக்காலத்துல தரையப் பிராண்டும். எழுத்தும் அப்படித்தான் சார். ஒரு நூல் பிசகுனாலும் படிக்கிறவன் மனசுல கர்ருனு உரசும்.

டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி.

அந்தப் பூட்டுக் கம்பெனி கதையக் கேளுங்களேன், அதான் இதுலயே பெரிய கூத்து. அவங்க வெப்சைட்ல, 'எங்கள் பூட்டுகள் காலம் முழுவதும் உழைக்கிறான்'. சத்தியமா சார்! உடனே போன். 'அலோ, பூட்டுக் கம்பெனியா? உங்ககிட்ட ஒருத்தன் காலம் பூரா உழைக்கிறானாமே, யாருங்க அவன்? அவனுக்குச் சம்பளம் நான் குடுக்கணுமா, நீங்க குடுப்பீங்களா?'ன்னேன். அந்தப் பக்கம் கம்ப்யூட்டரத் தட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, 'மேடம், எந்தப் பக்கத்துல?'ன்னான். 'எந்தப் பக்கத்துல இல்லன்னு கேளு, சீக்கிரம் சொல்லிடறேன்'னேன்.

மேனேஜர் வந்தாரு லைனுக்கு. நல்ல மனுஷன், வழவழன்னு பேசுனாரு. 'ஐயா, இதப் படிச்சுட்டு உங்க சாவி உங்க பூட்டுக்கே சேரும்னு நான் எப்படி நம்பறது? படம் புடிச்சு வெச்சிருக்கேன், எங்க வியாபாரிங்க சங்கத்துல எல்லாருக்கும் அனுப்பட்டுமா?'ன்னேன். இறங்கி வந்துட்டாரு. ஒரு தப்புக்கு ஒரு பூட்டு சும்மா குடுங்கன்னேன். மனுஷன் மூணோ நாலோ இருக்கும்னு நெனச்சு சரின்னுட்டாரு. நான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்தேன் பாருங்க... ஒரு பெட்டி! அதோ, அந்த அலமாரி மேல இருக்கே, அதான். உங்க லாட்ஜுக்கு நான் போட நெனச்சதும் அதத்தான்.

சிரிக்கிறீங்க. அப்பாடா, காலைலேர்ந்து இப்பதான் மூஞ்சில ஒரு வெளிச்சம்.

எனக்கும் வெப்சைட் இருக்கு சார். பின்ன? அதுவும் அடிமாட்டு வெலைக்கு! வெப்சைட்டுக்காரன் மொத்தமா ஒரு வெலை சொன்னான். நான் பிரிச்சுச் சொல்லுன்னேன். இதக் கத்துக்கோங்க, மொத்தத்துல கொறைக்கக் கேக்கக் கூடாது, பிரிக்கச் சொல்லணும். பிரிச்சாத்தான் கறி எது கொழுப்பு எதுன்னு தெரியும். படத்துக்கு இவ்வளவு, எடத்துக்கு இவ்வளவுன்னு சொல்லிக்கிட்டே வந்தவன், கடைசியா, 'எழுதுனதப் படிச்சுத் திருத்தறதுக்கு ஒரு டீச்சரம்மா இருக்காங்கக்கா, அவங்களுக்குத் தனியா'ன்னான். எந்திரிச்சு நின்னுட்டேன்! 'நீ ஒழுங்கா எழுதுனா அந்தம்மா எதுக்குடா?'ன்னேன். 'எழுதுனவங்க கண்ணுக்குத் தெரியாதுக்கா, இன்னொருத்தர் பாக்கணும்'னான். 'நான் கதவு செஞ்சுட்டுப் பக்கத்து வீட்டுக்காரனக் கூப்ட்டா காட்டறேன்? வெட்டு அத'ன்னேன். வெட்டிட்டான். இங்க மெஷின் சத்தத்துல நான் சொல்லச் சொல்ல அவன் அங்க போன்லயே கேட்டு டைப் அடிச்சுக்கிட்டான். மறுநாளே ஏத்தணும்னேன், ஏத்திட்டான். 'ஒரு தடவ படிச்சுப் பாத்துருங்கக்கா'ன்னு வேற சொன்னான். 'என் கதவப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?'ன்னு வெச்சுட்டேன்.

என்ன ஒண்ணு, வெப்சைட் போட்டதுலேர்ந்து அதப் பாத்துட்டு ஒரு ஈ காக்கா கூடப் போன் பண்ணல. ஊரே கதவு இல்லாமக் குடித்தனம் பண்ணப் பழகிருச்சு போல. எங்க நாத்தனாரு மட்டும் பாத்துட்டுப் போன் பண்ணுனா. 'அண்ணி, நீங்க படிச்சுப் பாத்தீங்களா?'ன்னா. 'ஏன்?'னேன். 'இல்ல, சும்மா'ன்னு சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. வயித்தெரிச்சல் சார், வேற என்ன. அவ வீட்டுக்காரரு கடைக்கு ஒரு போர்டு கூட இல்ல.

போன எடுத்துட்டீங்க... வீட்டம்மாவா? இல்லியா? ஓ, என் வெப்சைட்டா! பாருங்க, பாருங்க, அதுக்குத்தானே போட்டது! 'கதவுக்காரம்மா'ன்னு அடிங்க, வந்துரும். வந்துச்சா? கதவு மேல சாஞ்சு நிக்கிறது நாந்தான். ஆமா, கொஞ்சம் எளைச்சிருந்தேன் அப்ப.

ஏன் சார் சிரிக்கிறீங்க? என் படம் அவ்வளவு மோசமாவா இருக்கு? ...கீழயா? கீழ என்ன? இங்க குடுங்க. கண்ணாடி... என் கண்ணாடி எங்க... ஆங், தலைலயே இருக்கு.

'வாடிகையளர்களே, வறுக, வறுக.'

...

'எங்கள் கதவுகள் எந்த மழையிலும் ஒழுங்காக மூடுகிறாள்.'

யாரு சார் அவ?

இல்ல... இல்ல சார். இங்க பாருங்க. கதவுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்? எழுத்தயா கொண்டு போயி லாட்ஜுல மாட்டப் போறீங்க? எந்திரிங்க, வாங்க, தட்டிப் பாருங்க மரத்த, கோயில் மணி மாதிரி... யாரு சொன்னா? எழுத்துதான் மரம்னு நானா சொன்னேன்? எப்ப? ...ஆமா. இப்பதான். சொன்னேன்.

விரல மடக்கி மடக்கி எண்ணாதீங்க சார். அது தப்பில்ல, அது வந்து... காட்டுங்க. அதுவும் தப்புதான். அட, அடுத்த பக்கத்துக்கு எதுக்குப் போறீங்க, அங்கெல்லாம் யாரும் போறதில்ல! சார்... சார், படம் எதுக்குப் புடிக்கிறீங்க?

வாயத் தொறந்துட்டீங்களா! காலைலேர்ந்து உம்முன்னு இருந்த மனுஷன், தொறந்த மொத வார்த்தையே... என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க. 'ஒரு தப்புக்கு'... அடப் பாவி மனுஷா! என் சரக்க எனக்கே விக்கிறீங்களே!

இருங்க. கோவத்துல சொல்லல, சும்மா வாய்ல வந்துருச்சு. உக்காருங்க. போயிடாதீங்க. கதவு வெலையில மட்டும் கை வெக்காதீங்க சார். அதுல மெஷின் இருக்கு. அவரு விரல் இருக்கு. அத விட்டுருங்க, மத்தத என்ன வேணா பேசலாம். பூட்டா? பூட்டு மட்டும் போதுமா? எல்லா ரூமுக்குமா? ...சரி. எடுத்துக்கோங்க. தப்புக் காட்டி வந்த பூட்டு, தப்புக் காட்டியே போகுது, எனக்கு என்ன வந்துச்சு. கதவு என் வெலை, பூட்டு சும்மா. பேச்சு மாற மாட்டீங்களே? கையக் குடுங்க.

முன்பணத்த வெச்சுட்டுக் கெளம்புங்க சார், மொதல்ல கெளம்புங்க. நீங்க இன்னும் அஞ்சு நிமிஷம் இங்க சும்மா உக்காந்திருந்தீங்கன்னா, நான் கடையவே எழுதிக் குடுத்துருவேன். அந்தப் படத்தையும் போன்லேர்ந்து அழிச்சிருங்க... அழிச்சிருவீங்கல்ல? தலையாட்டறாரே, ஆமான்னா இல்லன்னா தெரியலையே! சார்! ...போயிட்டாரு.

ஏங்க! ஏங்க, அந்த மெஷின நிறுத்துங்க! ஆர்டர் கெடைச்சுருச்சு, அதெல்லாம் ஒண்ணும் ஆகல, நான் கத்துனது வேற. நீங்க மொதல்ல அந்த வெப்சைட்டுக்காரனுக்குப் போன் போட்டு டீச்சரம்மா நம்பர வாங்குங்க. இன்னிக்கே உக்காந்து எல்லாத்தையும் படிச்சுத் திருத்தச் சொல்லுங்க. அவங்க என்ன கேக்குறாங்களோ, கேட்டதக் குடுத்துருங்க. பேரமே பேசக் கூடாது, புரிஞ்சுதா?

ஏங்க... இருங்க, இருங்க. பெட்டில மிச்சம் ரெண்டு பூட்டு இருக்கும். காசுக்குப் பதிலா அத எடுத்துக்குவாங்களான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.